தண்டும் பேட்டையும்: ஒரே ஊர், இரண்டு அரசுகள்

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மா இருந்தார். சிக்பேட்டைக்குப் புடவை எடுக்கக் கிளம்பும் மருமகளைப் பார்த்து, "ஊருக்குப் போறே, இருட்டறதுக்குள்ள வந்துடு" என்பார். இங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் சிக்பேட்டை. அது எப்படி வேறு ஊராகும் என்று சின்னப் பிள்ளைகளாக இருந்த நாங்கள் சிரிப்போம். பிற்காலத்தில் இந்த நகரத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் பாட்டி சொன்னதில் பிழையே இல்லை என்று தெரிந்தது. அவர் பிறந்து வளர்ந்த காலத்தில் சிக்பேட்டை வேறு ஊர் மட்டுமல்ல, வேறு அரசு!

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பழைய எல்லையைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. எல்லை எப்படி வந்தது என்பதைவிட, அதற்கு இருபுறமும் இருந்தவர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதே நமக்குப் பாடம்.

எல்லை வந்த கதை

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. 1809-இல் அது பெங்களூருக்கு இடம் மாறியது. அப்படி உருவானதுதான் கன்டோன்மென்ட். கன்னடத்திலும் நம் பெரியவர்களின் பேச்சிலும் அதற்குப் பெயர் 'தண்டு'. பழைய கோட்டையும் கெம்பேகவுடா அமைத்த கடைவீதிகளும் இருந்த பகுதி 'பேட்டை'. படையோடு சேர்ந்து வேலூர், ஆற்காடு பக்கத்திலிருந்து சிப்பாய்கள், வியாபாரிகள், கொத்தனார்கள், சமையல்காரர்கள் என்று நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தண்டின் கடைத்தெருவில் தமிழ் ஒலித்தது. பேட்டையில் கன்னடம் ஒலித்தது. நடுவில் பெரிய வெளி. அந்த வெளியில்தான் 1870-இல் கப்பன் பூங்கா எழுந்தது.

1862-இல் இரண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் ஏற்பட்டன. ஆனாலும் அப்போது மைசூர் முழுவதையும் ஆங்கிலேயக் கமிஷனர்களே ஆண்டதால் மேலே ஒரே ஆட்சிதான். 1881-இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் வம்சத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது ஆங்கிலேயர் தண்டை மட்டும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். சுமார் 13 சதுர மைல் நிலம் 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் ரெசிடென்ட்டின் ஆட்சிக்குப் போனது. பேட்டையில் மகாராஜாவும் திவானும். தண்டில் ரெசிடென்ட்டும் கலெக்டரும். போலீஸ் வேறு, நீதிமன்றம் வேறு, சட்டமும் வேறு. 1894-இல் மைசூர் அரசு எட்டு வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளின் திருமணத்தைத் தடை செய்தது. பூங்காவைத் தாண்டித் தண்டுக்குள் வந்தால் அந்தச் சட்டம் செல்லாது.

1901 கணக்கெடுப்பின்படி பேட்டைப் பக்க நகரத்தில் 69,447 பேர். தண்டில் 89,599 பேர். அண்ணன் தம்பி போல ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு ஊர்கள், இரண்டு தனிக்குடித்தனங்கள். இப்படி 66 ஆண்டுகள்!

பிளேக் எல்லை பார்க்கவில்லை

1898 ஆகஸ்டில் பிளேக் நோய் பெங்களூருக்குள் நுழைந்தது. ரயிலில் வந்த நோய்க்கு எது மைசூர், எது பிரிட்டிஷ் என்று தெரியுமா? நெருக்கடியான பேட்டைச் சந்துகளிலும், தண்டின் பிளாக்பள்ளி போன்ற இடங்களிலும் மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். (பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜிநகர்.) ஒரு பக்கம் மட்டும் சுத்தம் செய்தால் போதாது என்பது இரண்டு நிர்வாகங்களுக்கும் அப்போது உறைத்தது. அடுத்த வீட்டில் தீப்பிடித்தால் நம் கூரையையும் நனைத்துத்தானே ஆக வேண்டும்?

காற்றோட்டமான அகன்ற தெருக்களோடு புதுக் குடியிருப்புகளை அமைப்பது என்ற ஒரே தீர்வுக்கு இருபுறமும் வந்தார்கள். பேட்டைப் பக்கம் மல்லேஸ்வரம், பசவனகுடி எழுந்தன. தண்டின் பக்கம் பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன் ஆகியவற்றோடு நம் ரிச்சர்ட்ஸ் டவுனும் எழுந்தது. இன்று நாம் காலையில் நடக்கப் போகும் பூங்காவும் அதைச் சுற்றியுள்ள அமைதியான தெருக்களும் அந்தப் பயத்தில் பிறந்த குழந்தைகள்தான்.

பிரேசர் டவுனுக்குப் பெயர் தந்த ஸ்டூவர்ட் பிரேசர், இளவயது மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்தவர். பிறகு அவரே ரெசிடென்ட்டாகத் தண்டை ஆண்டார். ஆக, எல்லையின் இருபுறமும் பெரிய நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒத்துழைப்புக்கு அதுவும் ஓர் எண்ணெய்.

தண்ணீரும் விளக்கும்

தண்டுக்கென்று அல்சூர் ஏரி இருந்தது. 1882-இல் சாங்கி ஏரியும் வந்தது. மக்கள் பெருகப் பெருக அவை போதவில்லை. பேட்டையின் ஏரிகளும் அப்படியே. அப்போது திவானாக இருந்தவர் சர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். 1883 முதல் 1901 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவர் காலத்தில்தான் நகரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில், அர்க்காவதி ஆற்றின் மேல் ஹெசரகட்டா நீர்த்தேக்கம் 1894-இல் அமைந்தது. அணை மைசூர் மண்ணில். ஆனால் குழாய் பேட்டைக்கும் வந்தது, தண்டுக்கும் வந்தது.

மின்சாரமும் அதே வழியில் வந்தது. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-இல் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போனது. அங்கே சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். 1905-இல் அதே மின்சாரம் பெங்களூர்த் தெருவிளக்குகளை ஏற்றியது. பின்னர் தண்டின் விளக்குகளும் மைசூர் மின்சாரத்தால் எரிந்தன. அருவியின் எதிர்க்கரை அப்போது சென்னை மாகாணத்தின் கொள்ளேகால் தாலுகா என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எங்கே திரும்பினாலும் ஓர் எல்லை; எங்கே திரும்பினாலும் ஒரு பங்காளி.

1925-26-இல் ஹெசரகட்டா வறண்டது. பேட்டைக்கும் தாகம், தண்டுக்கும் தாகம். மீண்டும் அர்க்காவதியில் இன்னும் கீழே இறங்கி, 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். இதையெல்லாம் வெறும் பாசத்தால் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு தண்ணீர், என்ன விலை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. கணக்குச் சுத்தமா இருந்தா உறவு நிக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான் இரண்டு அரசுகளுக்கும் பொருந்தியது.

ஒத்துழைப்பின் குறை

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பொய்யாகிவிடும். இந்த ஒத்துழைப்பு அதிகாரிகளுக்கு இடையே நடந்தது. திவான் ரெசிடென்ட்டுக்குக் கடிதம் எழுதுவார். ரெசிடென்ட் மேலே இந்திய அரசாங்கத்தைக் கேட்பார். பேட்டை நகராட்சியும் தண்டு நகராட்சியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் உறவு வளரவில்லை. குழாய்கள் இணைந்தன, மனிதர்கள் இணையவில்லை.

இணைந்த சில பேர் உண்டு. ஆற்காடு நாராயணசாமி முதலியார் தண்டில் வியாபாரம் செய்து உயர்ந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். கப்பன் பூங்காவில் இன்று உயர் நீதிமன்றமாக இருக்கும் அட்டாரா கச்சேரியை, 1860-களில் குத்தகை எடுத்துக் கட்டிக் கொடுத்தவரும் அவரே. தண்டுத் தமிழர் கட்டிய கட்டிடத்தில் மைசூர் அரசின் தலைமைச் செயலகம் நடந்தது!

1947 ஜூலை 26 அன்று தண்டு மைசூரிடம் திரும்பியது. 1949 டிசம்பரில் இரண்டு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின. காகிதத்தில் எல்லை அழிந்தது. ஆனால் 'அந்தப் பக்கத்து ஜனங்க' என்ற பேச்சு இரண்டு பக்கமும் நின்றது. மனிதர்களைச் சேர்க்காமல் நிர்வாகத்தை மட்டும் சேர்த்ததன் விலையை நாம் பிறகு கொடுத்தோம். 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி இங்கே நடந்தவற்றைக் கண்ணால் பார்த்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ரைன் நதிக்கரையில்

மனிதர்களையும் சேர்ப்பது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்கலாம். நம்மைவிடக் கசப்பான நினைவுகள் கொண்ட இருவர் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ரைன் நதியின் ஒரு கரையில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க். எதிர்க்கரையில் ஜெர்மனியின் கேல். 1871 முதல் 1944 வரை ஸ்ட்ராஸ்பர்க் நான்கு முறை கைமாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கேல் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் 1953 வரை தங்கள் வசம் வைத்திருந்தார்கள்.

1963-இல் இரண்டு நாடுகளும் நட்பு ஒப்பந்தம் செய்தன. ஆனால் ஊர்களுக்கு வழி திறந்தது 1996-இல் கார்ல்ஸ்ரூவில் கையெழுத்தான உடன்பாடு. அதன்படி எல்லையோர நகராட்சிகள் ஒவ்வொன்றுக்கும் தலைநகரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்காமல், தங்களுக்குள் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். திவானும் ரெசிடென்ட்டும் கொடுக்காத உரிமை இதுதான்! 2004-இல் நதியின் மேல் நடைபாலம் வந்தது. 2014-இல் இரு நாட்டுக் குழந்தைகளும் ஒன்றாக வளரும் காப்பகம் ஒன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் திறந்தது. 2017-இல் ஸ்ட்ராஸ்பர்க் டிராம் வண்டி ரைனைத் தாண்டி கேலுக்குப் போனது.

எல்லாம் சுகமாக முடிந்துவிட்டது என்றில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் எல்லையில் மறுபடி காவல் போட்டார்கள். ஆனால் தினமும் பாலத்தைத் தாண்டி வேலைக்கும் கடைக்கும் போய்ப் பழகிய ஜனங்களுக்கு அது அந்நியமாகப் பட்டது. பழக்கம்தான் பாலத்தைக் காப்பாற்றுகிறது.

நம் கையில் இருப்பது

நம் பக்கத்திலும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. 2003-இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் போன்றோரின் முயற்சியால், கர்நாடக விவசாயிகளும் தமிழக விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். பங்கீட்டை முடிவு செய்தது அவர்கள் அல்ல. 2007-இல் நடுவர் மன்றமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும்தான். ஆனாலும் மண்டியா விவசாயியும் தஞ்சை விவசாயியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது சின்ன விஷயமில்லை. 2009 ஆகஸ்டில், பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டது. சில நாட்களிலேயே கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை சென்னையில் திறக்கப்பட்டது.

1974 முதல் காவிரி நீர் இந்த நகரத்துக்கு வருகிறது. பேட்டைக்கென்று ஒரு குழாய், தண்டுக்கென்று ஒரு குழாய் இன்று கிடையாது. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி ஊரே டேங்கர் லாரியைத் தேடி அலைந்தபோது, எங்கள் தெருவில் குடத்தோடு நின்றவர்கள் யாரும் அடுத்தவரின் தாய்மொழியைக் கேட்கவில்லை. "அக்கா, ஸ்வல்ப முந்தே ஹோகி" என்று ஒருவர் சொல்ல, "நீங்க முதல்ல பிடிங்க" என்று இன்னொருவர் சொன்னதை நான் கேட்டேன்.

2025 செப்டம்பரில் இந்த மாநகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. ஒரே ஊருக்குள் மறுபடி கோடுகள்! நிர்வாக வசதிக்காக என்றால் இருக்கட்டும். ஆனால் தெருவும் தெருவும் பேசிக்கொள்ள அதிகாரி வர வேண்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாது. நம் பிள்ளைகள் தமிழை வீட்டில் விடாமல் படிக்கட்டும். கன்னடத்தைப் பக்கத்து வீட்டில் கூச்சமில்லாமல் பேசட்டும். நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு மல்லேஸ்வரத்துக் கன்னடக் குடும்பத்தையும் அழைப்போம். அவர்கள் ராஜ்யோத்சவத்துக்கு அழைத்தால் முதல் ஆளாகப் போய் நிற்போம்.

அந்தப் பாட்டியம்மா இன்று இல்லை. அவருடைய கொள்ளுப் பேத்தி சிக்பேட்டைக் கடையில் கன்னடத்தில் பேரம் பேசுகிறாள். அவள் கிளம்பும்போது யாரும் "ஊருக்குப் போறே" என்று சொல்வதில்லை. "கடைக்குப் போயிட்டு வா" என்றுதான் சொல்கிறார்கள்.