மாதம் 75 ரூபாய்

சர்வகலாசாலையில் இடம் கேட்கிறவன் முதலில் பட்டத்தைக் காட்ட வேண்டும்; மூளையைப் பிறகு காட்டிக்கொள்ளலாம். இந்தச் சம்பிரதாயம் சென்னையில் ஒரு முறை தோற்றது. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சீனிவாச ராமானுஜன் எஃப்.ஏ. தேறாதவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்கள் அவரைக் கவிழ்த்துவிட்டன. 1912 மார்ச்சில் சென்னைப் போர்ட் டிரஸ்டில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913 பிப்ரவரியில், வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணக்குகளைப் பார்த்தார். வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். உடனே சர்வகலாசாலைக்குச் சிபாரிசு எழுதினார்.

மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் தரலாம் என்றது கணிதக் குழு. ஏப்ரலில் சிண்டிகேட் கூடியது. எம்.ஏ. இல்லாதவருக்கு விதியில் இடமில்லை என்ற பேச்சு எழுந்தது. அப்போது நீதிபதி சுந்தரமய்யர் சர்வகலாசாலைச் சட்டத்தையே நினைவூட்டினார்: ஆராய்ச்சியை வளர்ப்பதும் சர்வகலாசாலையின் நோக்கமல்லவா? விதி விட்டுக்கொடுத்தது.

மே முதல் தேதியிலிருந்து பணம் கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை தரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 1914-ல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கியது.

மேதையை அடையாளம் கண்டது கணக்குத் தெரிந்தவர்கள். கதவைத் திறந்ததோ சட்டம் தெரிந்தவர். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மேஜைக்கு அப்புறம் ஒரு சுந்தரமய்யர் உட்கார்ந்திருக்க வேண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.