வரலாற்றுப் பட்டப்படிப்பும் நம் மாணாக்கரும்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் மதிப்பெண் பட்டியலுடன் ஆலோசனை நாடிவரும் பெற்றோர், பொறியியல், வணிகவியல், கணினி அறிவியல் எனப் பல துறைகளை வினவுவர். எதிலும் இடமில்லை என்ற நிலையில், “வரலாற்றிலாவது சேர்த்துவிடலாமா, ஐயா?” என்பர். அந்த ‘ஆவது’ என்னும் சொல்லே நம் குறையைக் காட்டுகிறது. வேறிடம் கிடைக்காதவர்க்கு உரிய புகலிடமாக வரலாற்றைக் கருதும் மனப்பான்மை பிற சமூகத்தார்க்குச் சிறு இழப்பாயிருக்கலாம். நமக்கோ அது பேரிழப்பாகும். காரணத்தை இங்கே விளக்க விழைகிறேன்.

வரலாறு என்பது அரசர் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் நெட்டுருச் செய்வதன்று. பள்ளியில் நாம் கற்பிப்பது முடிவுகளை. பல்கலைக்கழகப் பாடமாக அதனைப் பயில்வோர் அறிய வேண்டுவது, அம்முடிவுகள் எவ்வாறு எட்டப்பெற்றன என்பதை. இச்செய்தியைக் கூறியவர் யார்? எப்போது கூறினார்? எந்நோக்கத்தோடு கூறினார்? அவர் கூறாது விட்டது யாது? இந்நான்கு வினாக்களையும் கேட்கப் பழகியவனே வரலாற்று மாணவன்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். தஞ்சைப் பெரிய கோயில் 1010 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதன் சிறப்பைப் பேசாத பாடநூல் இல்லை. முதலாம் இராசராசன் அக்கோயிலுக்கு அளித்த ஊர்களின் நிலக்கணக்கு அதன் சுவர்களிலேயே பொறிக்கப்பெற்றுள்ளது. வரி நீக்கப்பெற்ற நிலங்களை எண்ணிச் செல்லுமிடத்து, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் குறிக்கப்பெறுகின்றன. ஓங்கிய விமானத்தை அண்ணாந்து பார்ப்பவர் பலர். அடியில் உள்ள இவ்வெழுத்துகளைப் படிப்போர் எத்துணைப் பேர்? ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தனிக்குடியிருப்பும் தீண்டாமையும் இருந்தமைக்கு அரசனே சான்று வைத்துச் சென்றுள்ளான்.

ஆயினும் அவசரப்பட்டு முடிவு கூறலும் தகாது. ‘சேரி’ என்ற சொல் அக்காலத்தில் குடியிருப்பு என்ற பொதுப்பொருளிலேயே வழங்கியது. உத்தரமேரூரில் பிராமணர் வாழ்ந்த பகுதிகளும் 10 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் சேரிகள் என்றே கூறப்பெற்றுள்ளன. அச்சொல் எவ்வாறு நம்மவர் குடியிருப்புக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது என்பது ஆராய்தற்குரிய பொருள். இத்தகைய நுட்பங்களைக் காணும் கண்ணையே வரலாற்றுக் கல்வி தருகிறது.

இரண்டாவது எடுத்துக்காட்டு நிலத்தைப் பற்றியது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராய்ப் பணியாற்றிய டிரெமென்கீர், அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலைமையை விளக்கி 1891 இல் ஓர் அறிக்கை அளித்தார். அதனைப் பரிசீலித்த சென்னை அரசு 1892 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலங்களின் வரலாறு இதனோடு தொடங்குகிறது. வேறு சமூகத்தார்க்கு மாற்றலாகாது என்ற நிபந்தனையுடன் வழங்கப்பெற்ற அந்நிலங்கள் காலப்போக்கில் பெருமளவு கைமாறிப்போயின. அவற்றை மீட்கக் கோரி எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட காகிதம் மக்களின் உரிமைக்கு ஆதாரமாய் நின்றதை இங்கே காண்கிறோம். பழைய நிலப் பதிவேட்டைத் தேடி எடுத்துப் படித்துப் பொருள் கூறவல்லவர் ஊருக்கு ஒருவர் இருப்பின், அது நம் மக்களுக்கு எத்துணைப் பெரிய துணையாகும்!

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். 1939 இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, இந்நாட்டு வரலாற்றைத் தம் நோக்கில் எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1913 இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று, பொருளாதாரத்தோடு வரலாறும் பயின்றார். பின்னர் 1946 இல் சூத்திரர் யார் என்பதையும், 1948 இல் தீண்டப்படாதார் யார் என்பதையும் ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டார். பின்னைய நூலின் முன்னுரையில், நேரடிச் சான்று கிட்டாத இடத்து ஆராய்ச்சியாளன் செய்யத்தக்கது யாது என்பதை அவர் வாதித்திருக்கும் முறையை நம் மாணாக்கர் ஒவ்வொருவரும் படித்தறிதல் வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறுவது என் கடமை. பிறர் நம்மைப் பற்றி எழுதிய இழிவுரைகளைச் சான்று கேட்டு மறுக்கும் நாம், நம்மைப் பற்றி நாமே கூறிக்கொள்ளும் பெருமைகளுக்கும் சான்று கேட்டல் வேண்டும். ஒரே தராசில் இரண்டையும் நிறுத்தல் வேண்டும். அவ்வாறு நிறுத்து நாம் கூறும் சொல்லே அவையேறும்.

பிழைப்புக்கு வழியுண்டா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. வரலாறு பயின்றோர் கல்வியியல் பட்டமும் பெற்று ஆசிரியராகலாம். அரசுப் பணித் தேர்வுகளில் வரலாறு முக்கிய இடம் பெறுகிறது. 1981 இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் மேற்கொண்டு பயிலலாம். ஆனால் வினா-விடைக் கையேட்டை மட்டும் நம்பித் தேறுவோருக்கு எவ்வழியும் எளிதாகத் திறவாது. மாணாக்கர் கல்லூரி நூலகத்தில் மூலநூல்களைத் தேடிப் படிக்க வேண்டும். ஆங்கிலம் வாசிக்கும் ஆற்றலை வளர்க்க வேண்டும். கல்வெட்டு எழுத்துகளைப் பழக வேண்டும். ஒருமுறையேனும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைச் சென்று காணவும் வேண்டும்.

இறுதியாக நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இருபத்தைந்து ஆண்டுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடுகள், நன்கொடைப் பற்றுச்சீட்டுகள், கடிதங்கள், புகைப்படங்கள் ஆகியன கரையானுக்கு இரையாகாவண்ணம் காக்கப்பெறுதல் வேண்டும். அவையும் வரலாற்றுச் சான்றுகளே. பொன்விழா மலருக்குள் இச்சங்கத்தின் வரலாற்றை அச்சான்றுகளைக் கொண்டு முறையாக எழுதவல்ல பட்டதாரி ஒருவர் நம் பிள்ளைகளிலிருந்தே உருவாகட்டும். அவர் வேறிடம் கிடைக்காமல் வரலாற்றுக்கு வந்தவராயன்றி, அதனை விரும்பித் தேர்ந்தவராக இருக்கட்டும்.