போட்டியற்ற சாதனை: எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தின் வளர்ச்சி

முன்னுரை

பள்ளியில் சாதனை என்றாலே முந்துவது என்று பொருள் கொள்கிறோம். 1956-இல் பிரிட்டனில் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தில் யாரும் யாரையும் வெல்வதில்லை. பல மாதங்கள் விடாது செய்த முயற்சிக்கே விருது. இந்த நெறி தொடக்கத்திலேயே முழுமையாக அமைந்துவிடவில்லை. வரையறுத்த அளவுகோல்களை எட்டுவதில் தொடங்கி, அவரவர் இலக்கை அவரவரே வகுத்துக்கொள்ளும் நிலைக்குத் திட்டம் எவ்வாறு நகர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஹானின் கல்விச் சிந்தனை

திட்டத்தின் வேர் ஜெர்மானியக் கல்வியாளர் கர்ட் ஹானிடம் (1886–1974) உள்ளது. தென் ஜெர்மனியின் சேலம் நகரில் 1920-இல் அவர் பள்ளி தொடங்கினார். அங்கு மாணவர்கள் தம் அன்றாடப் பயிற்சிகளைத் தாமே குறித்து வைத்தனர். அந்தப் பதிவை ஆசிரியர்கள் நம்பினர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933-இல் கைதான ஹான், விடுதலைக்குப் பின் பிரிட்டனில் அடைக்கலம் புகுந்தார். 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியை நிறுவினார். பின்னாளில் எடின்பரோ கோமகனாகி இவ்விருதுத் திட்டத்தைத் தொடங்கிய இளவரசர் பிலிப் இவ்விரு பள்ளிகளிலும் பயின்றவர்.

உடலுறுதி, முன்முயற்சி, கைத்திறன், தன்னடக்கம், இரக்கம் முதலியவை இளையோரிடம் தேய்ந்து வருவதாக ஹான் கருதினார். அதற்கு மாற்றாக 1936-இல் மோரே பதக்கத்தை ஏற்படுத்தினார். ஓட்டம், தாண்டுதல் போன்றவற்றில் குறித்த தரத்தை எட்டுவதோடு நெடும்பயணமும் அதற்குத் தேவைப்பட்டது. சுற்றுவட்டாரச் சிறுவர்களுக்கும் அதன் வாய்ப்பு திறந்திருந்தது. வசதி படைத்தோரின் பள்ளியில் பிறந்த கருத்து அதன் மதிலைக் கடந்தது இங்கேதான்.

1956: நாடளாவிய திட்டம்

போருக்குப் பின் பிரிட்டனில் பலர் 15 வயதில் பள்ளியை விட்டனர். கட்டாய இராணுவச் சேவைக்கான அழைப்பு 18 வயதில் வந்தது. திட்டம் முதலில் குறிவைத்ததும் இந்த 15–18 வயதுச் சிறுவர்களையே. 1953 எவரெஸ்ட் பயணக் குழுவின் தலைவரான ஜான் ஹன்ட் அதை வழிநடத்த வந்தார். சாரணர் போன்ற சீருடை அமைப்புகளில் நாட்டமில்லாத சிறுவர்களையும் ஈர்க்க விரும்பியதால், புதிய இளைஞர் இயக்கம் எதுவும் தொடங்கப்படவில்லை. ஏற்கெனவே இருந்த பள்ளிகளும் மன்றங்களுமே திட்டத்தை நடத்தின. முதல் ஆண்டில் சுமார் 7,000 சிறுவர்கள் சேர்ந்தனர்.

சிறுமியருக்கு 1958-இல்தான் இடம் கிடைத்தது. அதுவும் தனிப் பாடத்திட்டத்துடன். அதில் இல்வாழ்க்கை சார்ந்த பயிற்சிக்கு முக்கிய இடம் தரப்பட்டது. ஒருவரின் ஆற்றலை வளர்க்க முனைந்த திட்டமே, பெண்ணின் ஆற்றல் எதுவென்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டது. 1969-இல் 14–21 வயதினர் அனைவருக்கும் ஒரே திட்டம் வந்தபோது இந்தக் குறை நீங்கத் தொடங்கியது. 1980-இல் வயது வரம்பு 25 ஆக உயர்ந்தது.

காலத்தை அளவாக்கிய அமைப்பு

இன்று வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள் உள்ளன. தொண்டு, உடற்பயிற்சி, திறன், பயணம் ஆகிய நான்கும் எல்லா நிலைகளுக்கும் பொதுவானவை. வெண்கலத்தில் இரண்டு நாள் பயணம். தங்கத்தில் நான்கு நாள். தங்கம் பெற 12 மாதத் தொண்டும், அறிமுகமில்லாதவர்களோடு ஐந்து நாள் தங்கிச் செய்யும் பணியும் வேண்டும். வேகமாக ஓடுபவருக்கும் முதன்முறை ஓடத் தொடங்குபவருக்கும் விருது ஒன்றே. மோரே பதக்கத்தைப் போல் எல்லோருக்கும் பொதுவான தரம் இங்கில்லை; இருவரும் தாமே வகுத்த இலக்கை நோக்கித் தத்தம் நிலையிலிருந்து முன்னேறியிருக்க வேண்டும்.

ஆர்வம் முதல் சில வாரங்களில் தானாக வரும். அது வற்றிய பிறகும் முதியோர் இல்லத்துக்கோ பயிற்சித் திடலுக்கோ போவதில்தான் பொறுப்புணர்வு உருவாகிறது. ஒருநாள் தேர்வு இதை அளக்க முடியாது. இந்தியாவிலும் 1962 முதல் நடைபெறும் இத்திட்டம், இன்று 130-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியிருப்பதற்கு, உள்ளூர்ச் சூழலுக்கேற்ப இலக்கை வகுக்க இடம்தரும் நெகிழ்வும் காரணம் எனலாம்.

முடிவுரை

ஹான் அஞ்சிய தேய்மானத்துக்கு அவரது பதக்கம் தரத்தால் விடை தேடியது. அவர் வழிவந்த திட்டம் காலத்தால் விடை தருகிறது. ஆனால் காலம் எல்லா மாணவரிடமும் சமமாக இல்லை. பள்ளி முடிந்ததும் வேலைக்குப் போகும் மாணவிக்கும், பயணத்துக்கான காலணி வாங்க இயலாத மாணவனுக்கும் அந்த மாதங்களைப் பள்ளியும் சமூகமும் அமைத்துத் தர வேண்டும். சிறுமியரை உள்ளே கொண்டுவர இத்திட்டம் தன்னைத் திருத்திக்கொண்டது. வறுமையால் வெளியே நிற்பவர்களுக்காகவும் அதே துணிவுடன் திருத்திக்கொள்வதே அதன் அடுத்த கடமை.