.450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: ஒரு தோட்டா, இரு குண்டுகள்

.450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்பது 1898இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் ரிக்பி துப்பாக்கி நிறுவனம் அறிமுகப்படுத்திய பெருவிலங்கு வேட்டைத் தோட்டா ஆகும். தோட்டா, குண்டு ஆகிய இரண்டும் ஒன்றல்ல. பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்ததே தோட்டா. குழலை விட்டுப் பாய்வது குண்டு மட்டுமே.

இதே அளவுக் கூட்டில் முன்பு கருமருந்து நிரப்பப்பட்டது. கருமருந்தால் கிடைக்கும் வேகம் குறைவு. வேகம் வேண்டுமென்றால் குண்டின் எடையைக் குறைக்க வேண்டியிருந்தது. எனவே நுனியில் துளையிட்ட, ஏறத்தாழ 300 கிரெய்ன் எடையுள்ள மென்மையான ஈயக் குண்டுகள் வழங்கின. அவை மானுக்குப் போதும். காட்டெருமையின் தோள் எலும்பில் பட்டால் உள்ளே செல்லுமுன் சிதறிவிடும். யானை வேட்டைக்காரர்கள் சுமார் 113 கிராம் உருண்டையைச் சுடும் '4 போர்' துப்பாக்கியைச் சுமந்தனர். அதன் உதைப்பு தோளைப் பதம் பார்த்துவிடும்.

புகையற்ற கார்டைட் மருந்து வந்தபின் அதே கூட்டிலிருந்து 480 கிரெய்ன் (31 கிராம்) குண்டு நொடிக்கு 2150 அடி, அதாவது 655 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. இந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலில் உரசி அப்பிக்கொள்ளும். அதனால் குண்டுக்கு உலோக உறை போடப்பட்டது. உறையை எதுவரை போடுவது என்பதில்தான் குண்டுகள் இரண்டு வகையாகப் பிரிந்தன.

நுனியில் ஈயம் வெளியே தெரிந்தால் அது மென்முனைக் குண்டு. உடலில் பட்டதும் காளான்போல் விரியும். புலி, சிறுத்தை போன்ற மெல்லிய தோல் விலங்குகளுக்கு இது ஏற்றது. நுனி முழுவதும் மூடியிருந்தால் அது திண்மக் குண்டு. இது விரியாது, நேராக ஊடுருவும். யானையின் மூளை, தேன்கூடுபோல் அறைகள் கொண்ட தடித்த மண்டையோட்டின் பின்னே இருக்கிறது. விரியும் குண்டு அங்கே வழியிலேயே நின்றுவிடும். திண்மக் குண்டிலும் உறை மெலிதாக இருந்தால் எலும்பில் வளைந்து திசை மாறும். காயம்பட்ட யானை சில அடி தூரத்தில் நிற்கும்போது இது சிறிய குறையன்று. விலங்குக்கும் அது நீண்ட வேதனை. பிற்காலத்தில் உறையை எஃகால் தடிப்பாக்கினர். இன்னும் பின்னர் ஈயமே இல்லாத, முழுதும் செம்பு அல்லது பித்தளையால் கடைந்த குண்டுகள் வந்தன.

இந்தியாவில் இத்தோட்டாவுக்கு வேறொரு தடை வந்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி இராணுவத் துப்பாக்கியின் விட்டமும் .450 ஆகும். வேட்டைக் குண்டுகள் கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய ஆங்கிலேய அரசு 1907இல் .450 அளவைத் தடைசெய்தது. துப்பாக்கி செய்வோர் விட்டத்தைச் சற்று மாற்றி .465, .470, .475 என்று புதிய தோட்டாக்களை உருவாக்கினர். .470இல் 500 கிரெய்ன் குண்டு பாய்ந்ததும் பழைய 2150 அடி வேகத்திலேயே.