குறையுள்ள காதலரும் குற்றம் காண்போரும்

1665-ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரைப் பிளேக் கவ்விக்கொண்டது. நோய் புகுந்த வீட்டுக் கதவிலே செஞ்சிலுவை தீட்டினர். பிணியாளரையும் பிணியற்றோரையும் ஒருங்கே உள்ளே அடைத்துப் பூட்டினர், வாயிலிலே காவலாளி! செப்டம்பர் திங்களில் ஒரே வாரத்தில் 7,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு பிளேக்கால் இறந்தோர் என ஊர்க் கணக்கேட்டில் பதிவானவர் மட்டும் 68,596 பேர். ஏழை அடைபட்டான்; செல்வன் ஊரைவிட்டகன்றான். மன்னன் இரண்டாம் சார்லஸ் பரிவாரத்துடன் வெளியேறி, ஆக்ஸ்போர்டில் போய்த் தங்கினான்!

இந்த இருண்ட நாட்களைக் கதையின் நடுவிலே வைத்து, 1944-இல் அமெரிக்க எழுத்தாளர் காத்லீன் வின்சர் வெளியிட்ட நாவல் 'ஃபாரெவர் ஆம்பர்'. ஆம்பர் என்ற நாட்டுப்புறப் பெண், புரூஸ் கார்ல்ட்டன் என்ற பிரபுவைக் காதலித்து இலண்டனுக்கு வருகிறாள். கருவுற்ற நிலையில் அவள் தனித்து நிற்க, அவன் கடலோடிவிடுகிறான். அவள் கடனுக்காகச் சிறை புகுகிறாள்; நாடக மேடை ஏறுகிறாள்; ஆடவர் பலரை ஏணிப்படிகளாக்கி, முடிவில் மன்னனின் ஆசைநாயகியாகிறாள். பேராசை உண்டு, பொய் உண்டு, பொறாமை உண்டு. உத்தமி என்று அவளை நாமும் கூறவில்லை.

நாவல் வெளிவந்தது. இலட்சக்கணக்கானோர் ஆவலுடன் வாங்கினர். ஒழுக்கக் காவலர்களோ ஆர்ப்பரித்தனர்! ஆஸ்திரேலியா 1945-இல் தடை விதித்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் நூலின்மீதே வழக்குத் தொடுத்தது. கலவியைக் குறிக்கும் இடங்கள் 70, மணமாகாமல் கருவுற்ற நிகழ்ச்சிகள் 39, கருச்சிதைவுகள் 7 என்று பட்டியல் தயாரித்தனர். நூல் தூக்கத்தை வரவழைக்குமே தவிர, காமத்தைத் தூண்டாது என்ற கருத்தில் நீதிபதி வழக்கைத் தள்ளினார்; 1948-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 1947-இல் வந்த திரைப்படத்தையும் கத்தோலிக்க ஒழுக்கச் சங்கம் கண்டனம் செய்தது.

நண்பர்களே, அந்தப் பட்டியலை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எழுபது எண்ணினர், முப்பத்தொன்பது எண்ணினர். காதலித்தவளைக் கைவிட்டுப் போனவனின் குற்றத்தை எந்தக் கணக்கில் சேர்த்தனர்? ஆம்பரை மனைவியாக ஏற்க மறுத்து, தன் தகுதிக்கு ஏற்ற பெண்ணை மணந்துகொண்டானே கார்ல்ட்டன், அது எத்தனையாவது குற்றம்? அவள் செய்தால் அருவருப்பு. அவன் செய்தால் ஆண்மை! இதுவா நீதி?

இதிலே இன்னொரு வேடிக்கை. ஆம்பரும் பிரபு குலத்திலே பிறந்தவளே. உழவர் வீட்டிலே வளர்ந்தமையால் அது அவளுக்கே தெரியாது. 'குலம்' என்று எதைச் சொல்லி அவளை ஒதுக்கினார்களோ, அது அவளிடமே இருந்தது. எவர் கண்ணுக்கும் தெரியவில்லை! பிறப்பின் பெருமை இரத்தத்தில் இல்லை, ஊரார் பேச்சில்தான் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிளேக் பகுதிக்கு வாருங்கள். கார்ல்ட்டன் நோயில் வீழ்கிறான். ஓடிவிட ஆம்பருக்கு வழியிருந்தது, ஓடவில்லை. சீழையும் குருதியையும் துடைத்து, அவனைப் பிழைக்க வைக்கிறாள். பின் அவளும் விழுகிறாள். அவன் அருகிருந்து காக்கிறான். வரலாற்றிலே மன்னன் ஓடினான். கதையிலே கறைபட்டவள் நின்றாள்! பட்டியல் எழுதியோர் இந்த இரவுகளை எண்ணினார்களா?

அன்று இலண்டனிலே, கொள்ளைநோய் பாவத்திற்குக் கடவுள் தந்த தண்டனை என்று போதித்தனர். 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டறிந்தார். 1665-இல் புதைக்கப்பட்டோரின் பற்களிலும் அதே கிருமியின் தடயம் உண்டென 2016-இல் ஆய்வாளர் அறிவித்தனர். கிருமி பாவியையும் பார்க்கவில்லை, புண்ணியவானையும் பார்க்கவில்லை. ஆனால் துன்பத்தைக் கண்டால் பாவியைத் தேடும் பழக்கம் மட்டும் சாகவில்லை. தெருவிலே தேடியவர்கள், பின்னர் நாவலின் பக்கங்களிலே தேடினார்கள்!

இளைஞர்களே! ஆம்பரைப் போற்றுங்கள் என்று கூறவில்லை. அவள் குறையைக் குறை என்றே சொல்லுங்கள். ஆனால் அதே தராசிலே கார்ல்ட்டனையும் நிறுத்துங்கள். தட்டு இரண்டும் சமமாக இருக்கட்டும். அதற்குப் பிறகு தீர்ப்புக் கூறுங்கள்; கதையிலும், வாழ்விலும்.