புறக்கோட்டை மெதடிஸ்த ஆலயம்

புறக்கோட்டை மெதடிஸ்த ஆலயம் என்பது இலங்கையின் கொழும்பு நகரில், புறக்கோட்டைப் பகுதியின் டாம் வீதியில் அமைந்துள்ள கிறித்தவ வழிபாட்டுத் தலம் ஆகும். 1816 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் திறக்கப்பட்ட இது, ஆசியாவின் மிகப் பழைய மெதடிஸ்த ஆலயமாகக் கருதப்படுகிறது. தமிழகத்தில் மெதடிஸ்த பணி தொடங்கிய வரலாறும் இந்த ஆலயத்தைக் கட்டிய குழுவினருடன் தொடர்புடையது.

பின்னணி

மெதடிஸ்த இயக்கம் 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியால் தொடங்கப்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான தாமஸ் கோக் ஆசியாவில் பணி தொடங்க விரும்பினார். 1813 இல் லிவர்பூல் நகரில் கூடிய மெதடிஸ்த மாநாடு அவரது திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. செலவின் பெரும்பகுதியைத் தாமே ஏற்பதாகக் கோக் உறுதியளித்திருந்தார்.

குழுவினர் 1813 இன் இறுதியில் கப்பலேறினர். ஆனால் 1814 மே 3 அன்று, இந்தியப் பெருங்கடலில் பயணம் செய்துகொண்டிருந்தபோது கோக் இறந்தார். உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. தலைவரையும் பண உதவியையும் ஒருசேர இழந்த இளம் போதகர்களுக்குப் பம்பாயில் இருந்த ஆங்கிலேய வணிகர் ஒருவர் கடன் கொடுத்து உதவினார். அதன் பின்னரே அவர்களால் பயணத்தைத் தொடர முடிந்தது.

இலங்கையில் பணி

1814 ஜூன் 29 அன்று குழுவினர் காலியில் வந்திறங்கினர். ஜேம்ஸ் லிஞ்ச், தாமஸ் ஸ்குவான்ஸ் ஆகியோர் யாழ்ப்பாணத்திற்கும், வில்லியம் ஆல்ட் மட்டக்களப்பிற்கும், ஜார்ஜ் எர்ஸ்கின் மாத்தறைக்கும் சென்றனர். பெஞ்சமின் கிளஃப் காலியில் தங்கினார். இவர் பின்னாளில் சிங்கள அகராதி தொகுத்தவர். ஆல்ட் ஓராண்டிற்குள், 1815 இல், மட்டக்களப்பில் இறந்தார்.

ஆலயம் எழுந்த விதம்

மனைவியுடன் பம்பாயில் தங்கியிருந்த வில்லியம் ஹார்வர்டு 1815 இல் இலங்கை வந்து, கொழும்பில் பணியாற்றினார். அச்சுத் தொழில் அறிந்த இவரே ஆலயத்தின் கட்டுமானத்தை முன்னின்று நடத்தினார். லிவர்பூலில் இருந்த பிரன்சுவிக் ஆலயம் இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. இப்பணிக்கு ஒப்புதல் கிடைத்த அதே நகரின் ஆலய வடிவம் இவ்வாறு கொழும்பை வந்தடைந்தது.

அக்கால மெதடிஸ்த ஆலயங்கள் பெரும்பாலும் பிரசங்க மண்டபங்களாகவே கட்டப்பட்டன. அனைவரும் போதகரைப் பார்க்கவும் அவர் பேசுவதைக் கேட்கவும் வேண்டும் என்பதால், பலிபீடத்தைவிடப் பிரசங்க மேடையே முதன்மை பெற்றது.

தமிழகத் தொடர்பு

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் லிஞ்ச் 1817 இல் சென்னைக்கு வந்தார். தமிழகத்தில் வெஸ்லியன் மெதடிஸ்த பணி இவருடன் தொடங்கியது. 1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தமிழகத்தின் வெஸ்லியன் சபைகள் அதில் இணைந்தன. இலங்கைச் சபையோ தனித்தே நின்று, 1964 இல் தன்னாட்சி பெற்றது. இதனால் ஒரே குழுவின் பணியில் தோன்றிய ஆலயங்கள், பாக்கு நீரிணைக்கு இருபுறமும் இன்று வெவ்வேறு திருச்சபைகளைச் சார்ந்துள்ளன.