ஈடும் தண்டமும்

ஒருவன் மற்றொருவனுக்குத் தீங்கிழைத்தால் இரண்டு வினாக்கள் எழுகின்றன. இழந்தவருக்கு என்ன செய்வது? இழைத்தவனை என்ன செய்வது? முன்னதற்கு விடை இழப்பீடு. பின்னதற்கு விடை தண்டனை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர்.

பண்டைய ஜெர்மானியக் குடிகளிடையே கொலைக்கும் விலை இருந்தது. கொன்றவன், இறந்தவனின் தகுதிக்கேற்பச் சுற்றத்தாருக்குப் பொருள் கொடுத்தால் பகை தீர்ந்தது. மனுநீதிச் சோழன் கதையோ வேறு திசையிற் செல்வது. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலிற் கன்று மடிந்தபோது, மறையோர் விதித்த கழுவாய் போதும் என்றனர் அமைச்சர். தாய்ப்பசுவின் துயருக்கு அது மருந்தாகாது என மன்னன் மறுத்தான் என்கிறது பெரியபுராணம்.

பிற்காலச் சட்டம் இரண்டையும் பிரித்து வைத்தது. இலங்கையில் குற்றவாளியைத் தண்டிப்பதற்கு 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை உண்டு. நட்டஈடு கோருவதற்கு உரோம டச்சுச் சட்டம் வழிசெய்கிறது. ஓர் அடிக்கு இரு வழக்குகள் எழலாம். ஒன்றைத் தொடுப்பது அரசு. மற்றதைத் தொடுப்பவர் அடிபட்டவர்.

இவ்வேறுபாடு சட்ட ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2009 மே மாதத்திற் போர் முடிந்தபின், படையினரிடம் ஒப்படைத்த பிள்ளைகளைக் காணோம் என்று வன்னி அன்னையர் பலர் முறையிட்டனர். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றிலில் அவர்களது தொடர் போராட்டம் தொடங்கிற்று. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அவ்வாறே மக்கள் அமர்ந்தனர்.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அமைக்கும் சட்டம் 2016இல் நிறைவேறியது. அதன் முடிவுகளால் எவர்மீதும் குற்றவியற் பொறுப்போ குடியியற் பொறுப்போ எழாது என அச்சட்டமே கூறுகிறது. இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம் 2018இல் வந்தது. 2022 மார்ச்சில், குடும்பமொன்றுக்கு 1,00,000 ரூபா வழங்க அமைச்சரவை இணங்கியது. போராடிய குடும்பத்தினர் அதனை ஏற்க மறுத்தனர்.

பணத்தின் அருமை அறியாதவர் அல்லர் அவர்கள். உழைப்பவனை இழந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டும். பிள்ளை பள்ளி செல்ல வேண்டும். தண்டனை ஒன்றே அவற்றைச் செய்துவிடாது. ஆகவே இழப்பீடு, தீர்ப்புக்காகக் காத்திராது வழங்கப்பட வேண்டியதே. ஆனால் அதனை வாங்கிய கை, இனி யாதும் கேளேன் என்று பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்த கையாகக் கருதப்படலாகாது. அன்னையர் அஞ்சியது அதனையே.

ஈடு இழந்தவரின் தேவையை நோக்குவது. தண்டம் இழைத்தவரின் பொறுப்பை நோக்குவது. ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க முடியாது. இரண்டுக்கும் முன்னே நிற்பது, பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்னும் உண்மை.